எல்.கே.ஜி.க்கு எழுதும் நோட்டு வேண்டாம்: மழலையர் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மழலையர், தொடக்கப் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

வரும் ஜூன் மாதத்துக்கான நோட்டுகளுக்கு நீங்கள் அச்சகத்தில் ஆர்டர் கொடுப்பதற்குள் இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு எழுதுகிறேன். எல்.கே.ஜி. வகுப்புக்கு எழுதும் நோட்டு வேண்டாம். வீட்டுப் பாடம் வேண்டாம். தேர்வும் வேண்டாம். அந்தப் பணத்தில் கதைப் புத்தகங்கள் வாங்குங்கள். அந்த நேரத்தை வகுப்பு ஆசிரியையிடம் கொடுங்கள். பாட்டும் கதையும் மணலும் களிமண்ணும் ஓயாத பேச்சுமாக அவர் குழந்தையை எழுத்தின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வருவார். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன், எப்படிச் செய்யலாம் என்பதை நான் மழலையர் வகுப்பில் பார்த்ததையும் செய்ததையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த நோட்டைப் பற்றி. ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதச் சொன்ன குழந்தையின் அருகில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். முதல் வரியில் முழு எழுத்தையும் எழுதும். இரண்டாவது வரியிலும் எழுதும். அதன்பிறகு தொடக்கச் சுழியை மட்டும் பக்கத்தின் அடிவரை போட்டுக்கொண்டே போகும். மறுபடி மேலே வந்து ஒவ்வொரு சுழிக்கும் வயிறு வைக்கும். கடைசியாக எல்லாவற்றுக்கும் நெட்டுக்கோடு போடும். பக்கம் நிறைந்துவிடும், நட்சத்திரமும் கிடைத்துவிடும். அந்த அரை மணி நேரத்தில் ‘அ’ என்ற ஒலி அந்தக் குழந்தையின் காதிலும் விழவில்லை, வாயிலும் வரவில்லை. சீக்கிரம் முடிப்பதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்த அந்தப் பிள்ளை உண்மையிலேயே புத்திசாலி. அந்தப் புத்தியை நாம் எதற்குச் செலவழிக்க வைக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கையின் கதையும் இருக்கிறது. மனித மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன; ஒவ்வொன்றாக எலும்பாக மாறுகின்றன. நான்கு வயதில் ஏறக்குறைய பாதிதான் மாறியிருக்கும். கடைசி எலும்பு உருவாகத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகலாம். எல்.கே.ஜி. குழந்தை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடிப்பதும், ஐந்து நிமிடத்தில் கை வலிக்கிறது என்பதும் சோம்பல் அல்ல. அந்தக் கைக்கு இப்போது தேவை பிசைவதும் கிள்ளுவதும் கோப்பதும் கிழிப்பதும் தூக்குவதும்தான்.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப் பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. ஆறு வயதுக் குழந்தைக்கே கூடாது என்றால், மூன்றரை வயதுக் குழந்தையின் டைரியில் ‘அ முதல் ஃ வரை இரண்டு முறை’ என்று எழுதி அனுப்புவதை எப்படி நியாயப்படுத்துவது? அந்த உத்தரவுக்கு வெகு காலம் முன்பே, 1993-ல், பேராசிரியர் யஷ்பால் குழு பள்ளிச் சுமை குறித்த தன் அறிக்கையில் நர்சரி சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைப்பதை ஒழிக்கச் சொன்னது. 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட, மூன்று முதல் எட்டு வயது வரையிலான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் இந்த வயதுக்குத் தேர்வு பொருந்தாது என்கிறது. மத்திய அரசின் கல்விக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு இருக்கும் கருத்து வேறுபாடுகள் பல. இந்த ஒன்றில் யாருக்கும் யாரோடும் சண்டை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம் அங்கன்வாடிகளையே பாருங்கள். அங்கே முன்பருவக் கல்விக்காக அரசு வைத்திருக்கும் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. கட்டணம் இல்லாத இடத்தில், கொள்கை அளவிலாவது, குழந்தைக்கு ஆட்டமும் பாட்டும் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் பெற்றோரின் குழந்தைக்கு நாம் நான்கு கோடு நோட்டைக் கொடுக்கிறோம். கட்டணம் கூடக் கூட நோட்டுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது.

சரி, நோட்டை எடுத்துவிட்டால் வகுப்பில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆசையோடு பதில் சொல்ல விரும்புகிறேன்.

காதிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்து என்பது ஒலியின் அடையாளம். சொல்லுக்குள் ஒலிகள் இருக்கின்றன, அவற்றைப் பிரிக்கலாம், மாற்றலாம், சேர்க்கலாம் என்பது குழந்தைக்கு முதலில் பிடிபட வேண்டும். அதற்குப் பென்சிலே தேவையில்லை. வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பிரிக்கலாம்: மா-டு என்றால் இரண்டு தட்டு, கு-தி-ரை மூன்று, வண்-ணத்-துப்-பூச்-சி ஐந்து. ஐந்து தட்டு வரும்போது வகுப்பே ஆர்ப்பரிக்கும். அடுத்த நாள் குழந்தைகளே நீளமான சொல்லைத் தேடிக்கொண்டு வருவார்கள். எங்கள் வகுப்பில் ‘கத்திரிக்காய்’ சில வாரங்கள் ராஜாவாக இருந்தது. பிறகு ஒரு பெண் ‘முருங்கைக்காய் சாம்பார்’ என்று வந்து நின்றாள். அது ஒரு சொல்லா இரண்டா என்று வகுப்பே கூடி விவாதித்தது. நான்கு வயதுக் குழந்தைகள் சொல் என்றால் என்ன என்று விவாதிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அதைக் கேட்பதற்காகவாவது எங்கள் வகுப்புகளுக்கு ஒரு முறை வர வேண்டும்.

அடுத்தது சொல்லின் தலையை மாற்றும் விளையாட்டு. குருவியின் ‘கு’ பறந்துபோய் ‘அ’ வந்து உட்கார்ந்தால் அருவி. தட்டு, கட்டு, பட்டு, மெட்டு, லட்டு என்று ஒரு குழந்தை விட்ட இடத்திலிருந்து இன்னொன்று தொடரும். பொருள் தெரியாத ‘நொட்டு’, ‘பிட்டு’ எல்லாம் வரும். வரட்டும். புட்டைத்தான் பிட்டு என்று எங்கள் வீட்டில் சொல்வோம் என்று ஒரு குழந்தை சாதிக்கும், அதுவும் சரிதான். எதுகையும் மோனையும் நம் மொழியின் எலும்போடு சேர்ந்தவை. தாலாட்டிலும் விடுகதையிலும் பழமொழியிலும் அவற்றைக் கேட்டே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். வீட்டில் பாட்டியிடம் ஒரு விடுகதை கேட்டு வரச் சொல்லுங்கள். எல்.கே.ஜி.க்கு வீட்டுப் பாடம் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்றால் அது மட்டும் இருக்கட்டும். மறுநாள் காலை வகுப்பில் நுழையும் குழந்தையின் முகத்தில், தனக்கு மட்டும் தெரிந்த ஒரு விடையைச் சுமந்து வரும் பெருமை இருக்கும்.

பெயர் அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அறிந்த செயல்பாடுகளிலேயே இதைப்போல் பலன் தருவது வேறில்லை. பழைய நாட்காட்டி அட்டையை வெட்டி, ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் பெரிதாக எழுதி, முதல் வாரம் பெயருடன் புகைப்படத்தையும் ஒட்டுங்கள். காலையில் வந்ததும் குழந்தை தன் அட்டையை எடுத்துச் சுவரில் உள்ள பையில் செருக வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. சில வாரங்களில் புகைப்படத்தை மறைத்துவிடலாம். கயலும் கவினும் தங்கள் பெயர்களின் தலையில் ஒரே எழுத்து நிற்பதைக் கண்டுபிடிப்பார்கள். இன்றைக்கு வராதவர் யார் என்று மிச்சமிருக்கும் அட்டைகளைப் பார்த்துச் சொல்வார்கள். நண்பனின் பெயரைப் படிக்கத் தெரிவது ஒரு பெரிய விஷயம். தினமும் மாலை அட்டைகளைத் திரும்பக் கொடுக்கும் பொறுப்புக்கு அவ்வளவு போட்டி இருக்கும்.

இதில் நம் பாடநூல் வரிசைக்கு ஒரு நெருக்கடி வரும். இன்றைய வகுப்புகளில் ஹரிணி, ஜெயஸ்ரீ, ஷாலினி, ஹாஜிரா, ஜெரோம், ரித்திக், யாழினி, லக்‌ஷனா என்றுதான் பெயர்கள் இருக்கின்றன. கிரந்த எழுத்துகளைப் பாடநூல் கடைசியில்தான் கொண்டுவரும், சில நூல்கள் கொண்டுவருவதே இல்லை. ஆனால் ஹரிணிக்கு உலகிலேயே முக்கியமான எழுத்து ‘ஹ’. அதை அவள் முதல் நாளிலேயே பார்க்க வேண்டும். “அது உனக்குப் பிறகு வரும்” என்று எந்த ஆசிரியையும் சொல்லாதபடி நீங்கள் அனுமதி கொடுங்கள். தன் பெயரை அடையாளம் கண்ட குழந்தைக்கு எழுத்து என்பது தன்னைப் பற்றிய விஷயம் என்று புரிந்துவிடுகிறது. அதன்பிறகு அதை யாரும் துரத்த வேண்டியதில்லை.

வரிசை பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். அ, ஆ, இ, ஈ என்று போகும் நெடுங்கணக்கு அகராதி பார்க்க அவசியம். பாட்டாகப் பாட அழகு. பாடட்டும். ஆனால் வாசிக்கத் தொடங்கும் வரிசையாக அதுவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘இ’, ‘ஈ’, ‘ஐ’, ‘ஔ’ ஆகியவை கண்ணுக்கும் கைக்கும் கடினமானவை. அவற்றை வைத்துக் குழந்தைக்குப் பிடித்த சொற்களை உருவாக்குவதும் எளிதன்று. ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றையும் நேர்க்கோடுகளாலும் ஒரு வளைவாலும் அமைத்துவிடலாம். புள்ளியைச் சேர்த்துக்கொண்டால் படம், பட்டம், மடம், மட்டம் வந்துவிடும். ர, த, க மூன்றும் வந்து சேர்ந்தால் மரம், ரதம், கட்டம், தகரம், கதம்பம். ஆறு எழுத்துகளில் இத்தனை சொற்கள்! யு.கே.ஜி. குழந்தை தன் வாழ்நாளில் முதன்முறையாக ‘பட்டம்’ என்று தானாகப் படிக்கும் நாளில் ஒரு காகிதப் பட்டம் செய்து கொடுங்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நெடுங்காலமாக அறிந்த வழிதான் இது. மழலையர் வகுப்புகளில்தான் ஏனோ நுழையவில்லை.

தமிழில் 247 எழுத்துகள் என்று பெற்றோரைப் பயமுறுத்துகிறோம். 216 உயிர்மெய்களையும் குழந்தை தனித்தனியாகப் பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதை ஒரு விளையாட்டில் காட்டிவிடலாம். ஒரு குழந்தை ‘க’ அட்டையைப் பிடித்து நிற்கட்டும், பக்கத்தில் ஒருவன் ‘ல்’. அது கல். இப்போது துணைக்கால் அட்டையை வைத்திருப்பவள் ஓடிவந்து நடுவில் நிற்க வேண்டும். கல் காலாகிவிட்டது. பல் பாலாகும், படம் பாடமாகும், மடம் மாடமாகும். துணைக்கால் அட்டை தனக்குத்தான் வேண்டும் என்று சண்டையே நடக்கும், ஏனென்றால் சொல்லை மாற்றும் சக்தி அதனிடம்தான் இருக்கிறது. கொம்பு வைத்திருப்பவர் எழுத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது உடம்போடு பதிந்துவிடும். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவமாய் இருக்கும் உகர வரிசையை மட்டும் அவசரப்படாமல் ஒன்றாம் வகுப்புக்கு விட்டுவைக்கலாம் என்பது என் கருத்து.

கைக்கான வேலைக்கு நம் மரபிலேயே பதில் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில்தான் விரலால் எழுதினார்கள். இன்றும் விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்துத்தான் முதல் எழுத்தை எழுத வைக்கிறோம். தானியத்திலும் மணலிலும் விரலால் எழுதுவதுதான் தொடக்கம் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு நாளோடு ஏன் நிறுத்திவிடுகிறோம்? 1939-ல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி, அதே நேரத்தில் அதன் ஒலியைச் சொல்வது அவருடைய வழி. உங்களில் பலருடைய பெயர்ப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. அந்த உப்புத்தாள் எழுத்துகள் வகுப்புக்குள்ளும் இருக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். உப்புத்தாள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். புளியங்கொட்டையை எழுத்தின் மேல் அடுக்கலாம். களிமண்ணை உருட்டி ‘ட’ செய்யலாம். பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் சிமென்ட் தரை முழுவதும் எழுதுவார்கள். வெயிலில் காய்ந்ததும் மறுபடி எழுதலாம். புள்ளி வைத்துச் சின்னக் கோலம் போடுவதைப் பையன்களுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். வளைவு, சுழி, புள்ளி, கோடு என்று தமிழ் எழுத்துக்குத் தேவையான அத்தனை அசைவுகளும் கோலத்தில் இருக்கின்றன.

இப்போது கதைக்கு வருகிறேன். ஒரு நாளில் வேறு எதுவும் நடக்காவிட்டாலும், குழந்தைகளுக்கு ஒரு புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டுவது நடக்க வேண்டும். பாட்டி சொல்வதைப்போல் வாயால் சொல்லும் கதை தனி, அதற்கும் இடம் வேண்டும். புத்தகத்தைக் குழந்தைகள் பார்க்கும்படி பிடித்து, சொற்களுக்குக் கீழே விரலை ஓட்டி வாசிப்பது வேறு. ஒரே புத்தகத்தை ஒரு வாரம் முழுக்க வாசிக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சலிக்கும், குழந்தைகளுக்குச் சலிக்கவே சலிக்காது. மூன்றாம் நாளிலிருந்து அடுத்த வரியை அவர்களே சொல்வார்கள். நாம் வேண்டுமென்றே ஒரு சொல்லை விட்டுவிட்டு வாசித்தால் வகுப்பே எழுந்து நின்று திருத்தும். வார இறுதியில் ஒரு குழந்தை அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் படம் காட்டி ‘வாசிக்கும்’. எழுத்துத் தெரியாது, ஆனால் புத்தகத்தை நேராகப் பிடிக்கிறது, இடமிருந்து வலமாக விரலை ஓட்டுகிறது, பக்கம் திருப்பும் இடம் தெரிகிறது, குரலில் ஏற்ற இறக்கம் இருக்கிறது. இவையெல்லாம் வாசிப்புதான். இவற்றை எந்த நோட்டும் கற்றுத்தராது.

தமிழ்க் குழந்தைக்கு இந்த வாசிப்பு இன்னொரு வகையிலும் அவசியம். நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் ஒன்றல்ல. நாஞ்சில் நாட்டுக் குழந்தையின் வீட்டுப் பேச்சு ஒன்று, கொங்குப் பகுதியில் வேறு, வடசென்னையில் வேறு. வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராட்டிரமோ பேசும் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘நரி ஓடியது’ என்ற வாக்கியத்தை ஒரு குழந்தை தன் வீட்டில் ஒருநாளும் கேட்டிருக்காது. ஒன்றாம் வகுப்புப் பாடநூலில்தான் அதை முதன்முதலாகச் சந்திக்க வேண்டும் என்றால், எழுத்தைக் கூட்டுவதோடு புதிய நடையையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கும். மூன்று வயதிலிருந்து தினமும் புத்தகம் கேட்ட குழந்தைக்கு அந்த நடை ஏற்கெனவே பழகிய குரல். ஆசிரியை எழுத்துத் தமிழில் வாசிக்கட்டும். அந்தக் கதையைப் பற்றி ஊர்ப் பேச்சில் பேசட்டும். குழந்தை தன் பேச்சிலேயே பதில் சொல்லட்டும். ‘வாழைப்பழம்’ என்பதைக் குழந்தை எப்படிச் சொன்னாலும் அந்த இடத்தில் திருத்தி வாயை அடைக்க வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் நாம் சரியாகச் சொன்னால் போதும்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். தூலிகா பதிப்பகம் 1996-லிருந்து சென்னையிலேயே குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தருகிறது. ப்ரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிடலாம், உரிமமே அதை அனுமதிக்கிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்துச் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. ‘நுழை’ நிலை நூல்கள் யு.கே.ஜி. குழந்தைகளுக்கு வாசித்துக் காட்ட நல்லவை. வாங்கிய புத்தகங்களை முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கிழியும். கிழியத்தான் வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு டேப் வாங்கிக் கொடுங்கள்.

குழந்தை சொல்லும் கதையை எழுதிக்கொள்வது எனக்கு மிகப் பிடித்த செயல்பாடு. குழந்தை ஒரு படம் வரைகிறது. வட்டமும் கிறுக்கலுமாய் இருக்கும். “இது என்ன, சொல்லு” என்று கேட்டு, அது சொல்வதை அப்படியே படத்தின் அடியில் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். தான் சொன்னது காகிதத்தில் ஏறி, மறுபடி அப்படியே ஆசிரியையின் வாயிலிருந்து வருவதைக் கேட்கும்போது குழந்தையின் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும். எழுத்து எதற்காக இருக்கிறது என்பது அந்த நொடியில் விளங்கிவிடுகிறது. பேச்சு வழக்கில் சொன்னதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுத வேண்டுமா என்று ஆசிரியைகள் கேட்பார்கள். வேண்டாம். இந்த ஒரு செயல்பாட்டில் குழந்தை சொன்ன சொல்லே நிற்க வேண்டும். மாற்றி எழுதினால் அது குழந்தையின் கதையாக இருக்காது. இந்தத் தாள்களைச் சேர்த்துத் தைத்தால் வகுப்பின் முதல் புத்தகம் தயார். அதை எழுதியவர்கள் எல்லாரும் நான்கு வயதுக்காரர்கள்.

தெருவில் இருக்கும் எழுத்தையும் உள்ளே கொண்டுவாருங்கள். ஆவின் பால் உறையைப் பார்த்ததும் ‘ஆவின்’ என்று சொல்லாத குழந்தை உண்டா? அதுவும் வாசிப்பின் ஆரம்பம்தான். பிஸ்கட் உறை, தீப்பெட்டி, சோப்பு அட்டை, பஸ்ஸின் ஊர்ப் பலகை எல்லாவற்றையும் சேர்த்து வகுப்பில் ஒரு மூலையில் கடை வைக்கலாம். கடைக்காரர் கிறுக்கலாக பில் போடுவார். வாங்குபவர் அதைச் சரிபார்ப்பார். கிறுக்கலை அழிக்க வேண்டாம். எழுத்து அதிலிருந்துதான் பிறக்கிறது.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பள்ளிகளில் பெரும்பாலானவை ஆங்கில வழி. பெற்றோர் வருவதும் அதற்காகத்தான். ஆங்கிலத்துக்கும் இதே வழிதான்: முதலில் காது, பிறகு வாய், பிறகு கண், கடைசியாகக் கை. ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று ஒப்பிக்கும் குழந்தைக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. அதனால்தான் ‘சி ஏ டி’ என்று கூட்டிவிட்டு, அது ஏன் ‘கேட்’ ஆகிறது என்று புரியாமல் நிற்கிறது. தமிழ்க் காதுக்கு ஒரு கூடுதல் வேலையும் உண்டு. ‘பந்து’, ‘பஸ்’ இரண்டையும் நாம் ஒரே பகரத்தில் எழுதுகிறோம், ஆனால் ஆங்கிலத்தில் அந்த இரு ஒலிகளுக்கும் இரு வேறு எழுத்துகள். இந்த வேறுபாட்டைக் காதால் பிரிக்க ஒரு வருடம் பாட்டும் விளையாட்டும் கொடுத்தால் பின்னாளில் எழுத்துப்பிழை குறையும். ஒன்றே ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: வகுப்பில் தமிழில் பேசியதற்காக எந்த மழலையையும் தண்டிக்காதீர்கள், அபராதம் எழுதாதீர்கள். வயிறு வலிக்கிறது என்று சொல்லக்கூட வாய் வராமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்த மொழியையும் கற்றுக்கொள்ளாது.

உங்கள் அச்சமும் எனக்குப் புரிகிறது. “நோட்டு இல்லை என்றால் பெற்றோர் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விடுவார்கள்.” சிலர் போகக்கூடும். ஆனால் பெற்றோர் நோட்டைக் கேட்பதற்குக் காரணம், பிள்ளை என்ன கற்கிறது என்று அறிய அவர்களுக்கு வேறு வழியை நாம் கொடுத்ததில்லை. குழந்தையின் படங்கள், சொல்லி எழுதிய கதைகள், பெயர் எழுத முயன்ற தாள்கள் ஆகியவற்றைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்புங்கள். ஜூனில் கிறுக்கலாக இருந்த பெயர் டிசம்பரில் எழுத்தாகியிருப்பதைப் பார்க்கும் தாய் நோட்டைக் கேட்க மாட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோரை வகுப்பில் உட்கார வைத்துக் கதை வாசியுங்கள். தாத்தாக்களையும் பாட்டிகளையும் கதை சொல்லக் கூப்பிடுங்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் பகலில் வர முடியாது என்பதால் மாலையிலும் ஒரு நேரம் வையுங்கள். சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம், எல்.கே.ஜி.யில் எழுத்துப் பயிற்சி இல்லை, ஏன் இல்லை என்று நீங்களே வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவர்கள் நம்புவார்கள். ஆசிரியை சொன்னால் சோம்பேறித்தனம் என்றுதான் நினைப்பார்கள்.

தேர்வுக்குப் பதிலாக ஆசிரியையிடம் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். தன் பெயரை அடையாளம் காண்கிறதா, சொல்லின் முதல் ஒலியைப் பிரிக்கிறதா, கேட்ட கதையை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்கிறதா, தானாகப் புத்தகத்தை எடுக்கிறதா என்று ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் வாரம் ஒரு வரி எழுதினால் போதும். எந்தக் குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, எதற்குக் கண்ணாடி தேவை என்பதுகூட இந்தக் குறிப்பேட்டில்தான் முதலில் தெரியவரும்.

இதையெல்லாம் செய்ய ஆசிரியைக்கு ஆள் பலம் வேண்டும். 2013-ல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயது வரையிலான 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்கிறது. நாற்பது, ஐம்பது குழந்தைகளை ஒரே அறையில் அடைத்தால் அங்கே அமைதி காப்பதற்கு நோட்டு ஒன்றுதான் வழி. பல ஆசிரியைகள் அதனால்தான் நோட்டைக் கையில் எடுக்கிறார்கள். மழலையர் வகுப்புக்கு மிகக் குறைந்த சம்பளமும் மிகக் குறைந்த பயிற்சியும் போதும் என்ற எண்ணம் மாற வேண்டும். பள்ளியிலேயே மிகக் கடினமான வகுப்பு அது. இருபது பேர் ஆடும்போது ஒருவர் ஏன் ஆடாமல் இருக்கிறார் என்று பார்க்கத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும்.

ஆகவே, ஜூனுக்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை இவை: எல்.கே.ஜி. நோட்டுப் பட்டியலை முழுவதுமாக எடுத்துவிடுவது; யு.கே.ஜி.யில் முதல் பருவம் முடியும்வரை எழுத்துப் பயிற்சியைத் தொடங்காமல் இருப்பது, தொடங்கும்போதும் சிலேட்டிலிருந்து தொடங்குவது. டைரியில் வீட்டுப் பாடம் என்ற கட்டத்தை அச்சிடாமல் விட்டு, அந்த இடத்தில் ‘இன்று கேட்ட கதை’ என்று ஒரு வரி அச்சிடுவது. வகுப்புக்குக் குறைந்தது ஐம்பது கதைப் புத்தகங்களைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியைகளை அழைத்து, அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளிடம் அழகான கையெழுத்தை எதிர்பார்க்க வேண்டாம், காதும் வாயும் தயாராக வருவார்கள் என்று முன்கூட்டியே பேசிவிடுவது. பள்ளி முழுவதும் ஒரே நேரத்தில் மாற்றத் தயக்கமாக இருந்தால் ஒரே ஒரு பிரிவில் ஓராண்டு செய்து பாருங்கள். மார்ச் மாதம் அந்தப் பிரிவுக் குழந்தைகளின் கையில் அவர்கள் இதுவரை பார்த்திராத ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து, நீங்களே எதிரில் உட்கார்ந்து கேளுங்கள். உப்புத்தாள் எழுத்துகளை வெட்டவும், புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கவும், ஆசிரியைகளோடு உட்கார்ந்து ஒலி விளையாட்டுகளைப் பழகவும் என்னைப் போன்றவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் விடுமுறை நாளிலும் வருவோம்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஒரு மழலையர் வகுப்பு ஆசிரியை